மஸ்டாங்கைத் தாழ்த்துவதற்கு முன்: பாடி, சஸ்பென்ஷன் மாற்றங்களின் அரிச்சுவடி

அமெரிக்காவில் செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபோர்டு மஸ்டாங் வாங்குகிறவருக்கு முதலில் கை அரிப்பது இரண்டு விஷயங்களில். ஒன்று, காரை ஒன்றரை அங்குலம் கீழே இறக்குவது. இன்னொன்று, முன்னால் பம்பருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்ப்ளிட்டர் தட்டு, பின்னால் விங் என்று ஏதாவது மாட்டுவது. இரண்டுக்கும் பாகங்கள் கொட்டிக் கிடக்கின்றன. பெட்டி வீட்டு வாசலுக்கே வந்துவிடும். ஆனால் அந்தப் பாகம் தன்னோடு இன்னும் எந்தெந்தப் பாகங்களை இழுத்து வரும் என்பதை விளம்பரத்தில் போட மாட்டார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

மஸ்டாங்கோடு சேர்த்தே பேசப்படும் மஸில் கார் என்றால் என்ன என்பதை வேகமாக முடித்துவிடலாம். நடுத்தர அளவு கார், அதில் பெரிய காருக்கான வி8 இன்ஜின், நடுத்தர வர்க்கம் வாங்கக்கூடிய விலை. 1964இல் பான்டியாக் தன் டெம்பஸ்ட் காரில் 389 கன அங்குல இன்ஜினைப் போட்டு ஜிடிஓ என்று விற்றதைத்தான் பெரும்பாலோர் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அதே 1964 ஏப்ரலில் வந்த ஃபோர்டு மஸ்டாங் அளவில் சிறியது என்பதால், கறார்ப் பேர்வழிகள் அதை போனி கார் என்று தனியே ஒதுக்குவார்கள். பாகங்கள் விற்கும் கடைக்காரருக்கு அந்தக் கவலை இல்லை, நமக்கும் வேண்டாம்.

ஆஃப்டர்மார்க்கெட் பாகம் என்பது கார் கம்பெனி அல்லாத இன்னொருவர், விற்பனைக்குப் பிந்தைய சந்தைக்காகத் தயாரிக்கும் பாகம். இதில் சில்லறை வியாபாரிகளும் உண்டு, பெரிய பெயர்களும் உண்டு. ஜெர்மனியின் ஐபாக் ஸ்பிரிங்கும் பில்ஸ்டீன் ஷாக் அப்சார்பரும் உலகம் முழுக்கப் போகின்றன. சலீன், ரௌஷ், ஸ்டீடா போன்றவை மஸ்டாங்கையே வைத்துப் பெயர் எடுத்தவை. இந்தத் தொழிலுக்கென்று 1963இல் தொடங்கிய சங்கம்தான் சீமா. அது ஆண்டுதோறும் லாஸ் வேகாஸில் நடத்தும் கண்காட்சியில் நிற்கும் கார்களைப் பார்த்துத்தான் பாதிப் பேருக்கு ஆசையே வருகிறது. அங்கே நிற்பவை நிற்பதற்காகவே செய்த கார்கள் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

உதாரணத்துக்கு ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்வோம்: 2005 முதல் 2014 வரை வந்த மஸ்டாங். ஆர்வலர்கள் இதை எஸ்197 என்ற உள்பெயரால் அழைப்பார்கள். பாகங்கள் ஏராளம். அதோடு, பின்னால் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே திடமான ஆக்ஸில் இருக்கும் கடைசித் தலைமுறை மஸ்டாங் இதுதான். 2015இல் வந்த அடுத்த தலைமுறையில் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். திடமான ஆக்ஸில் உள்ள காரில், நாம் ஒன்றை மாற்றினால் வேறு எது நகர்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

ஸ்பிரிங் மாற்றினால் என்னென்ன நகரும்

தாழ்த்துவதற்கான எளிய வழி, கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டையான, கெட்டியான ஸ்பிரிங் போடுவது. காரின் எடை தரைக்கு அருகே வருகிறது. வளைவில் சாய்வது குறைகிறது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருக்கும் அசிங்கமான இடைவெளியும் குறைகிறது. உண்மையைச் சொன்னால், பத்தில் ஒன்பது பேர் இந்தக் கடைசிக் காரணத்துக்காகத்தான் செய்கிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை.

ஸ்பிரிங் ஏன் கெட்டியாகவும் இருக்க வேண்டும்? காரை ஒன்றரை அங்குலம் இறக்கினால், பள்ளத்தில் சக்கரம் மேலே ஏறுவதற்கு இருந்த இடத்தில் அந்த ஒன்றரை அங்குலம் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் குறைந்த தூரத்துக்குள் அதே அடியைத் தாங்க வேண்டும். இல்லாவிட்டால் பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். அதை அடிக்கடி இடிக்கும் காரில் உட்கார்ந்தால் முதுகெலும்பு கணக்குச் சொல்லும். வளைவின் நடுவில் இடித்தாலோ, அந்தச் சக்கரத்தின் ஸ்பிரிங் ஒரு நொடியில் கல்லாக மாறியது போல ஆகி, டயர் பிடியை விட்டுவிடும்.

பழைய ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வெட்டினால் ஸ்பிரிங் குட்டையாவதோடு, சுற்று குறைவதால் ஓரளவு கெட்டியாகவும் ஆகும் என்பது சரிதான். ஆனால் எவ்வளவு கெட்டி என்பது நம் கையில் இல்லை. வெட்டிய முனை ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாது. சக்கரம் முழுசாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும் ஆபத்தும் இருக்கிறது. மஸ்டாங் போலப் பாகம் மலிவாகக் கிடைக்கும் காரில் இதற்கு அவசியமே இல்லை.

அடுத்தது ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் எடையைத் தாங்கும், ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை நிறுத்தும். கெட்டியான ஸ்பிரிங் அமுங்கி விடும்போது அதிக வேகத்தில் எகிறும். அதை அடக்கும் பலம், மெத்தென்ற ஸ்பிரிங்குக்காகச் செய்த பழைய ஷாக்குக்கு இருக்காது. ஏற்கெனவே எண்பதாயிரம் மைல் ஓடிய ஷாக் என்றால் சொல்லவே வேண்டாம். ஸ்பிரிங் மாற்றிய பிறகு கார் குதிக்கிறது என்று புகார் சொல்பவர்களில் பலர், உண்மையில் ஷாக் மாற்றாதவர்கள். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் நல்ல ஷாக் போடுங்கள் என்பேன். உயரம் குறையாது, படம் எடுத்துப் போட முடியாது, ஆனால் கார் ஓட்டும் விதமே மாறும்.

இதற்கு ஃபோர்டே செய்த நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. 2012, 2013இல் வந்த பாஸ் 302 மஸ்டாங்கின் ஷாக்குகளை ஐந்து நிலைகளில் கெட்டிப்படுத்தலாம். முன்னால் பானெட்டைத் திறந்து, பின்னால் டிக்கிக்குள் கைவிட்டு, ஷாக்கின் தலையில் இருக்கும் சிறிய திருகை ஸ்க்ரூடிரைவரால் திருப்ப வேண்டியதுதான். அலுவலகத்துக்குப் போகும்போது ஒன்றில், ரேஸ் டிராக்குக்குப் போனால் ஐந்தில். ஸ்பிரிங் அப்படியே இருக்க, ஷாக் மட்டும் மாறினால் கார் எவ்வளவு வேறாக நடந்துகொள்ளும் என்பதை அந்தத் திருகைத் திருப்பியவர்கள் உடனே உணர்ந்தார்கள்.

இனி, காருக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டிய விஷயம். எஸ்197இன் பின் ஆக்ஸில் இடவலமாக நகராமல் பிடித்துவைக்க, குறுக்கே ஒரு நீண்ட கம்பி உண்டு. பான்ஹார்ட் ராடு என்பார்கள். அதன் ஒரு முனை பாடியில், மறு முனை ஆக்ஸிலில். வீட்டு கேட் கீலைச் சுற்றி வட்டமாகத்தான் நகர முடியும் அல்லவா, அதேபோல இந்தக் கம்பியும் பாடியில் இருக்கும் முனையைச் சுற்றி வட்டமாகத்தான் ஆடும். பாடி கீழே இறங்கினால் கம்பியின் சாய்வு மாறும். கம்பியின் நீளம் மாறாததால் ஆக்ஸில் முழுவதும் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். தாழ்த்திய மஸ்டாங்கைப் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் டயர் மட்கார்டின் விளிம்புக்கு வந்திருக்கும், மறுபக்கம் உள்ளே ஒதுங்கியிருக்கும். வித்தியாசம் பெரிதல்ல, கால் அங்குலம் போலத்தான். ஆனால் அகலமான டயர் போட்டால் அந்தக் கால் அங்குலம்தான் உரசும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பான்ஹார்ட் ராடு ஒன்றைப் போட்டு, காரைச் சக்கரத்தில் நிற்கவைத்தபடியே இரு பக்கமும் அளந்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

அதே ஆக்ஸிலை முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பவை கன்ட்ரோல் ஆர்ம் என்கிற கைகள், கீழே இரண்டு, மேலே ஒன்று. இவற்றின் சாய்வும் மாறுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பின்சக்கரம் இந்தக் கைகள் வழியாகத்தான் பாடியை முன்னே தள்ளுகிறது. கீழ்க்கை முன்பக்கம் ஏறுமுகமாக இருந்தால், அந்தத் தள்ளலில் ஒரு பங்கு பாடியைத் தூக்கி, டயரைத் தரையில் அழுத்தும். காரைத் தாழ்த்தியதும் கையின் முன்முனை இறங்கிவிடுவதால் அந்த உதவி குறைகிறது. நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்ப நினைத்தால் டயர் சுழலும், சில சமயம் ஆக்ஸிலே தடதடவென்று குதிக்கும். இதற்குத்தான் ரீலொக்கேஷன் பிராக்கெட் என்று ஒன்று விற்கிறார்கள். கீழ்க்கையின் பின்முனையை ஆக்ஸிலில் இன்னும் தாழ்வான துளைக்குக் கொண்டுபோகும் இரும்புத் தகடு, அவ்வளவுதான். மெதுவாக ஓட்டுபவர்கள் இதை விட்டுவிடலாம்.

முன்சக்கரங்களில் இரண்டு கோணங்கள் மாறும். சக்கரத்தின் தலை உள்ளே சாய்வது கேம்பர். மேலிருந்து பார்த்தால் இரு சக்கரங்களும் உள்ளே பார்க்கின்றனவா வெளியே பார்க்கின்றனவா என்பது டோ. தாழ்த்தினால் தலை உள்ளே சாயும். அது சாதாரண சாலைக்கு ஒன்று, ஒன்றரை டிகிரி வரை பெரிய தொல்லை இல்லை, வளைவில் நல்லதும்கூட. டயரைத் தின்பது பெரும்பாலும் டோ. எஸ்197இல் டோவைச் சரிசெய்ய வழி உண்டு, கேம்பருக்குக் கம்பெனி வழி வைக்கவில்லை. அதற்குக் கேம்பர் போல்ட்டோ, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலையில் உட்காரும் கேம்பர் பிளேட்டோ தனியாக வாங்க வேண்டும். பின்னால் திடமான ஆக்ஸில் என்பதால் அங்கே இந்த வேலையே கிடையாது. பழைய தொழில்நுட்பம் என்று கிண்டல் செய்யப்படுவதற்கு இப்படி ஒரு நன்மையும் இருக்கிறது.

ஆக, ஒரு செட் ஸ்பிரிங் வாங்கப் போனவருக்கு ஷாக், பம்ப் ஸ்டாப், பான்ஹார்ட் ராடு, கேம்பர் போல்ட், வீல் அலைன்மென்ட் என்று பட்டியல் நீண்டுவிட்டது. தாழ்த்தும் அளவு ஒரு அங்குலத்துக்குள் இருந்தால் இதில் பாதி தேவைப்படாமலே போகலாம். இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் எதையும் தவிர்க்க முடியாது. ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் அமைந்து, உயரத்தை விருப்பம்போல் மாற்றக்கூடிய காயில்ஓவர் செட்டும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான்.

வளைவில் கார் சாய்வதைக் குறைக்க இடவலச் சக்கரங்களை இணைக்கும் கம்பிதான் ஆன்டி ரோல் பார். அதன் விஷயத்தில் ஒரு கணக்கு தெரிந்திருந்தால் போதும். குழாயாக இல்லாத கெட்டிக் கம்பி முறுக்கை எதிர்க்கும் பலம் அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 22 மில்லிமீட்டர் பாரை எடுத்துவிட்டு 25 போட்டால், மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பலமோ மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும். பின்னால் மட்டும் தடித்த பார் போட்டு, மழையில் வால்பக்கம் வழுக்குகிறது என்று திகைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்காதவர்கள்.

வேலை செய்யும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. முன் ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் அமுக்கிவைக்கப்பட்டிருக்கும். கம்ப்ரெஸர் கருவி இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் அது உயிருக்கே ஆபத்து. கருவியும் அனுபவமும் இல்லையென்றால் அந்த ஒரு வேலையைக் கடையில் கொடுப்பது கௌரவக் குறைச்சல் இல்லை. இரண்டாவது, பெரும்பாலோர் கோட்டை விடுவது: ரப்பர் புஷ் உள்ள கன்ட்ரோல் ஆர்ம் போல்ட்டுகளைக் கார் ஜாக்கியில் தொங்கும்போது இறுதியாக முறுக்கக் கூடாது. அந்த ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டவைத்தது, முறுக்கிக்கொண்டுதான் வேலை செய்யும். சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். கார் எதிர்பார்த்ததைவிட உயரமாக நிற்கும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். போல்ட்டைக் கையால் மாட்டி, எடை சக்கரங்களில் வந்த பிறகு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும்.

பாகமே வாங்காமல் சஸ்பென்ஷனை மாற்றிய கதையும் மஸ்டாங்கில் உண்டு. 1965இல் மஸ்டாங்கை வைத்து கரோல் ஷெல்பியின் கம்பெனி ஷெல்பி ஜிடி350 செய்தபோது, முன்பக்க மேல்கை பாடியோடு சேரும் இடத்தில் ஒரு அங்குலம் கீழே புதிய துளைகள் போட்டு, கையை அங்கே மாட்டினார்கள். கார் வளைவில் சாயும்போது வெளிப்பக்க டயர் தலையை வெளியே சாய்த்துக்கொள்ளாமல் தரையோடு ஒட்டி நிற்க அது உதவியது. ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங்கின் யோசனை என்றாலும் ஷெல்பி டிராப் என்ற பெயரே நிலைத்துவிட்டது. அறுபதுகளின் மஸ்டாங் வைத்திருப்பவர்கள் இன்றும் டிரில்லும் காகித அச்சும் வைத்துக்கொண்டு இதைச் செய்கிறார்கள்.

சக்கரம்: இரண்டு வேலைகளும் சந்திக்கும் இடம்

பாடி கிட்டை முதலில் வாங்கி, பெயின்ட் அடித்து, மாட்டி, பிறகு தாழ்த்தி, கடைசியில் அகலமான சக்கரம் போட்டு உரச வைப்பது வழக்கமான தலைகீழ் வரிசை. மட்கார்டுக்குள் சக்கரம் எங்கே நிற்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் பாடி வேலை சுலபம்.

அதற்குப் புரிய வேண்டியது ஆஃப்செட். சக்கரத்தின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று வையுங்கள். சக்கரம் மாட்டும் ஹப்பில் போய் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறதோ அது பாசிட்டிவ் ஆஃப்செட். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். 9 அங்குல அகலத்தில் ஒன்று 45, இன்னொன்று 24 ஆஃப்செட் என்றால், இரண்டாவது 21 மில்லிமீட்டர் வெளியே நிற்கும். மஸ்டாங்கில் 114.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து போல்ட். போல்ட் பொருந்துகிறது என்பதால் சக்கரமும் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே ஸ்ட்ரட், வெளியே மட்கார்டு விளிம்பு, இரண்டுக்கும் நடுவேதான் நமக்குக் கிடைக்கும் இடம். ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பியும் பார்க்க வேண்டும்.

இன்னும் அகலம் வேண்டுமென்றால் ஒயிட்பாடி கிட். கம்பெனி மட்கார்டை வெட்டி, அதன்மேல் அகலமான வளைவைத் திருகியோ ஒட்டியோ வைப்பது. டாட்ஜ் 2018இல் சேலஞ்சருக்கு இதைக் கம்பெனியிலேயே செய்து, காரை மூன்றரை அங்குலம் அகலமாக்கி, 305 மில்லிமீட்டர் அகல டயர் போட்டு விற்றது. அங்கே காரணம் எழுநூறு குதிரைத்திறனைத் தாண்டிய இன்ஜின். முந்நூறு குதிரைத்திறன் மஸ்டாங்குக்கு இரும்பை வெட்டுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். வெட்டியது திரும்ப வராது.

பாடி: அழகும் காற்றும்

பாகம் எதனால் செய்தது என்று முதலில் கேளுங்கள். ஃபைபர்கிளாஸ் மலிவு, ஆனால் அச்சில் வார்த்தபடியே கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம். தேய்த்து, பட்டி போட்டு, கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அடிபட்டால் விரிசல் விடும். பாலியூரிதேன் வளைந்து கொடுக்கும், பம்பருக்கும் ஸ்ப்ளிட்டருக்கும் ஏற்றது. பெயின்ட்டில் வளைவுக்கான கலவை சேர்க்காவிட்டால் மேல்பூச்சு வெடிக்கும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் சின்னப் பாகங்களுக்குப் போதும். கார்பன் ஃபைபர் விலை அதிகம். எஸ்197இன் கம்பெனி பானெட்டே அலுமினியம் என்பதால், எடை குறையும் என்று சொல்லி அதற்கு ஃபைபர்கிளாஸ் பானெட் விற்பவரின் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். தோற்றத்துக்காக வாங்கினால் சரி. அப்புறம் அதன் முனையைப் பிடித்துவைக்க ஹூட் பின்னும் வாங்கிவிடுங்கள், வேகத்தில் அது படபடக்கும்.

எந்தப் பாகமானாலும் பெயின்ட் அடிக்கும் முன் மாட்டிப் பார்க்க வேண்டும். எல்லா போல்ட்டுகளோடும், கதவைத் திறந்து மூடியும். பெயின்ட் பட்ட பாகத்தைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

காற்று விஷயத்தில் பழைய கார்கள் நிறைய கற்றுக்கொடுக்கும். செவ்ரோலேயின் 1969 கமாரோவுக்கு கௌல் இன்டக்‌ஷன் பானெட் என்று ஒரு ஆப்ஷன் இருந்தது. அதன் மேடு முன்னால் பார்க்காமல் பின்னால், விண்ட்ஷீல்டைப் பார்த்துத் திறந்திருக்கும். ஓடும்போது கண்ணாடியின் அடியில் காற்று குவிந்து அழுத்தம் கூடும், இன்ஜின் அங்கிருந்து மூச்சு வாங்கும். இதன் மறுபக்கம், வெப்பத்தை வெளியேற்றும் துளை வைப்பவர்கள் அதைக் கண்ணாடிக்கு அருகே வைத்தால் சூடு வெளியே போகாது. ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானெட்டின் முன்பாதியில் வைக்க வேண்டும்.

விங்குக்கு உச்ச உதாரணம் 1969 டாட்ஜ் சார்ஜர் டேடோனா. ரேஸுக்காகவே கூரான மூக்கும், டிக்கிக்கு மேல் கிட்டத்தட்ட இரண்டடி உயர விங்கும் வைத்தார்கள். 1970 மார்ச்சில் டல்லடேகா டிராக்கில் பட்டி பேக்கர் அந்தக் காரில் மணிக்கு 200 மைலைத் தாண்டினார். அந்த வேகத்தில் விங் வேலை செய்தது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும், அதாவது 120 மைலில் கிடைப்பதில் கால்வாசிதான் 60 மைலில் கிடைக்கும். நெடுஞ்சாலையில் போகும் மஸ்டாங்கின் விங் பெரும்பாலும் அலங்காரம். பின்னால் மட்டும் பெரிய விங் வைத்து முன்னால் ஒன்றும் செய்யாமல் விட்டால், வேகத்தில் மூக்கு இன்னும் லேசாகும். இதில் அடக்கமாகச் செய்ததற்கு முன்பு 1969இல் இதே பெயரில் வந்த பாஸ் 302 மஸ்டாங்கைப் பார்க்கலாம். லாரி ஷினோடா வடிவமைத்த முன் ஸ்பாய்லரும் பின் விங்கும், பின்கண்ணாடி மேல் கறுப்புப் பட்டைகளும் இன்றைக்கும் நகல் எடுக்கப்படுகின்றன.

முன்பக்கம் அடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டியைக் கழற்றி எறிவதற்கு முன் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். 1982 முதல் 1992 வரை வந்த கமாரோவில் காற்றை ரேடியேட்டருக்குத் திருப்பிவிடுவதே அந்தத் தட்டிதான். அது உடைந்துபோனால் நெடுஞ்சாலையில் இன்ஜின் சூடேறும்.

இந்தியாவில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு சொல். 2016 முதல் மஸ்டாங் ஜிடி இங்கும் அதிகாரப்பூர்வமாக விற்கப்பட்டது, அதற்கும் இதே பாகங்கள் கிடைக்கும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்சி புத்தக விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. சட்டத்தை விட்டாலும், நம் ஊர் வேகத்தடைகளில் தாழ்த்திய காரின் ஸ்ப்ளிட்டர் அதிக நாள் தாங்காது.

என்னைக் கேட்டால் வரிசை இப்படி: நல்ல டயர், ஷாக், பிறகு ஸ்பிரிங்கும் அதன் பரிவாரமும். புது ஸ்பிரிங் சில நூறு மைல் ஓடி உட்கார்ந்த பிறகு சக்கரத்தை அளந்து வாங்குவது, அதற்கப்புறம் பாடி. ஒவ்வொன்றுக்கும் நடுவே சில வாரம் ஓட்டிப் பார்த்தால் எது என்ன செய்தது என்று தெரியும். மொத்தமாக ஒரே நாளில் மாற்றினால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது. கழற்றிய கம்பெனிப் பாகங்களை, போல்ட் உட்பட, பெயர் எழுதிப் பெட்டியில் போட்டுப் பரணில் வையுங்கள். காரை விற்கும் நாளில் வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.